செத்தவீட்டுக்குக் கதிரை கொண்டுவரும் சங்கம்: வன்னிக் கிராமம் ஒன்றின் பொதுவாழ்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியில், தருமபுரத்தைத் தாண்டி விசுவமடு வருவதற்குள் தெற்கே திரும்பும் கிரவல் வீதிகள் பல. அவற்றில் ஒன்றில் உள்ளே போனால் வரும் ஊர் இது. கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவு. சின்னக் குளம், அதன் கீழ் வயல், மேட்டில் தென்னையும் மாவும் வைத்த வளவுகள், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு மாரியம்மன் கோயில், பாடசாலை, பொதுநோக்கு மண்டபம், மைதானம். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இங்கே வரும் பிணக்குகளில் சில இன்னும் ஆறவில்லை. அவற்றில் சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் மாற்றுகிறவர்கள்.

கிராம அலுவலரின் அலுவலகச் சுவரில் ஊர்ச் சங்கங்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், இளைஞர் கழகம், முதியோர் சங்கம், சிறுவர் கழகம் என்று அது நீளுகிறது. மரண உதவிச் சங்கம் அதில் இல்லை. அதற்குப் பதிவு இல்லை, எந்தத் திணைக்களமும் அதைத் தன்னுடையது என்று சொல்வதில்லை. ஆனால் ஊரில் ஓர் உயிர் போனால், செய்தி பரவி முடிவதற்குள் உழவு இயந்திரப் பெட்டியில் கதிரையும் தறப்பாளும் கிடாரமும் வந்து இறங்குவது அந்தச் சங்கத்திலிருந்துதான். பட்டியலில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை, அதிகாரி வரும் நாளில் மட்டும் கண் விழிப்பவை.

வன்னியில் கிராமிய அமைப்புகளைப் பலப்படுத்துவது பற்றிப் பயிற்சிப் பட்டறைகள் எத்தனையோ நடந்திருக்கின்றன. யாப்பு எழுதுவது எப்படி, கூட்டறிக்கை எழுதுவது எப்படி, திட்ட முன்மொழிவு தயாரிப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சங்கம் எதனால் உயிரோடு இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு விடை இந்த ஊரில் கண்முன்னே இருக்கிறது. செய்யாமல் விட்டால் ஊருக்குத் தாங்க முடியாத ஒரு வேலை கையில் உள்ள சங்கம் நிற்கிறது. மற்றவை யாராவது வந்து கேட்கும்வரை தூங்குகின்றன.

மூன்று அலையில் வந்த ஊர்

சங்கங்களின் சண்டையை விளங்கிக்கொள்ள, ஊருக்குள் யார் எப்போது வந்தார்கள் என்பது தெரிய வேண்டும்.

1920களில் இரணைமடுக்குளம் எழுந்த பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி போதாதவர்கள் கிளிநொச்சிப் பக்கம் வரத் தொடங்கினார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காடு வெட்டிய குடும்பங்களுக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்தது. ஊர் வழக்கில் அது 'பேர்மிட்'. 1950களில் வட்டக்கச்சி போன்ற குடியேற்றங்கள் நிலைபெற்றன. அந்த அலையின் தொடர்ச்சியாக இங்கே வந்தவர்களே ஊரின் முதல் குடும்பங்கள். பிள்ளையார் கோயில் அவர்களுடையது. வயலும் அவர்களுடையது.

இரண்டாம் அலை மலையகத்திலிருந்து வந்தது. 1958இலும் 1977இலும் தோட்டப்புறங்களிலும் தெற்கு நகரங்களிலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் வடக்கு நோக்கி வந்தார்கள். எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களை வவுனியாப் பக்கத்திலும் பிற இடங்களிலும் குடியமர்த்தியது. முன்பள்ளியும் பால் வழங்கலும் தோட்டமுமாக அந்த அமைப்பு செய்த வேலை, வன்னியின் கிராமியப் பொதுவாழ்வில் மறக்கக் கூடாத ஒன்று. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இந்த ஊருக்கு வந்த மலையகக் குடும்பங்கள் எந்த அமைப்பின் துணையும் இல்லாமல், சொந்தக்காரரைப் பிடித்து வந்தவர்கள். பேர்மிட்காரரின் காணியில் காடு வெட்டவும் களை பிடுங்கவும் அரிவு வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. வாய்க்கால் கரையில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கையில் காணிப் பத்திரம் இல்லாமலே இரண்டு தலைமுறை அங்கே வளர்ந்துவிட்டது.

மூன்றாவது, 2009இல் போர் முடிந்த பின் வந்தவர்கள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளத்து முகாம்களிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது கூடவே மருமக்களும், சொந்த ஊருக்குப் போக முடியாத உறவினரும், துணையை இழந்த பெண்களும் வந்தார்கள். முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் அயலவராக வந்து சேர்ந்ததும் உண்டு.

ஊர் என்று ஒருமையில் சொன்னாலும், பிள்ளையார் கோயிலடி, வாய்க்கால் கரை, புதுக் காணி என்று மூன்று குறிச்சிகள். சங்கங்களும் இந்தக் கோடுகளிலேயே பிரிந்து கிடந்தன.

ஆளுக்கொரு திணைக்களம்

இத்தனை சங்கங்கள் ஏன் என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. ஊர் கேட்டு உண்டானவை அல்ல இவற்றில் பெரும்பாலானவை. விளையாட்டுக் கழகம் 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. இளைஞர் கழகம் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ். கமக்காரர் அமைப்பு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ். முதியோர் சங்கம் அதே ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். சனசமூக நிலையம் பிரதேச சபையோடு. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இரண்டும் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தோடு. சமுர்த்தி என்ற அரச வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு ஐவர் குழு வேறு. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஊரில் தன் கடிதத்தை வாங்கிக் கையொப்பமிட ஒரு தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும்.

விளைவு ஒன்றுதான். எழுத வாசிக்கத் தெரிந்து, பகலில் வீட்டில் இருக்கக்கூடிய, பேச்சுக்குக் கோபப்படாத ஒரு பத்துப் பேர் எல்லாச் சங்கங்களிலும் பதவி வகிக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடை வைத்திருப்பவர், முன்பள்ளி ஆசிரியை, கோயில் செயலாளர். திங்கள் ஒரு கூட்டம், புதன் ஒரு கூட்டம், பிரதேச செயலகத்தில் வெள்ளி ஒரு கூட்டம். அவர்கள் களைத்துப் போகிறார்கள், மற்றவர்கள் 'எல்லாத்தையும் அவையளே பிடிச்சு வைச்சிருக்கினம்' என்று குறை சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. குறை சொல்கிறவரைப் பதவிக்குக் கேட்டால் அவர் வரமாட்டார். வந்தாலும் கூலி வேலைக்குப் போகிறவருக்குப் பகல் கூட்டம் ஒரு நாள் சம்பளம்.

மீள்குடியேற்ற ஆண்டுகள் இதை இன்னும் மோசமாக்கின. 2010இலிருந்து சில ஆண்டுகள் கிளிநொச்சி முழுவதும் தொண்டு நிறுவனங்களின் பெயர்ப் பலகைகள். கிணறு துப்புரவுக்கு ஒரு குழு, கோழிக்குஞ்சு பகிர ஒரு குழு, வீட்டுத்திட்டத்துக்கு ஒரு குழு, முரண்பாடு தீர்க்க ஒரு குழு. கூட்டம் வைப்பதானால் இராணுவ முகாமுக்கு அறிவிக்க வேண்டிய காலம் அது. நிறுவனம் அனுமதி எடுத்துக்கொண்டு வந்தால்தான் நாலு பேர் ஓரிடத்தில் பயமில்லாமல் இருக்கலாம் என்ற நிலையில், அந்தக் குழுக் கூட்டங்களுக்குச் சனம் விரும்பியே போனது. ஒருவரையொருவர் பார்க்கவும், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கவும் அது ஒரு இடம். திட்டம் முடிந்ததும் குழுவும் முடிந்தது. பொதுநோக்கு மண்டபம் மட்டும் மிஞ்சியது, வாசலில் நிதி கொடுத்தவரின் கல்லோடு.

மரணச் சங்கம் நடக்கும் விதம்

இந்தச் சங்கம் போருக்கு முன்பே பேர்மிட்காரக் குடும்பங்களுக்குள் இருந்தது. 2009இல் கதிரையும் பாத்திரமும் கொப்பிகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மீள வந்த பிறகு முதல் சாவுகள் தறப்பாள் கொட்டில்களில் நடந்தன. இருப்பதற்குக் கதிரை இல்லை, கிடத்துவதற்கு வாங்கு இல்லை, தேத்தண்ணி ஊற்றக் கிடாரம் இல்லை. கோயிலடியில் சிலர் கூடிப் பழைய சங்கத்தை மறுபடி தொடங்கினார்கள்.

அதன் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சங்கத்தின் பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மாதச் சந்தா கிடையாது. சாவு நடந்தால் ஒவ்வொரு அங்கத்தவர் வீடும் அன்றே குறித்த தொகைக் காசும், ஒரு தேங்காயும், ஒரு கொத்து அரிசியும் கொடுக்க வேண்டும். குறிச்சிக்கு ஒருவர் சைக்கிளில் போய்ச் சேர்ப்பார். பொருளாளர் கொப்பியில் பெயரையும் தொகையையும் எழுதி, பிணம் வீட்டிலிருந்து எடுக்கப்படுவதற்கு முன் முழுக் காசையும் வீட்டுக்காரர் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவிடுவார். சங்கத்தின் பெட்டியில் காசு தங்குவதேயில்லை. தங்காத காசைப் பற்றிச் சண்டை பிடிக்க முடியாது, கடனாகக் கேட்கவும் முடியாது. சிக்கனக் கடன் சங்கங்களும் மாதச் சந்தா வைத்த மரணச் சங்கங்களும் உடைந்த கதைகளை வன்னியில் எங்கும் கேட்கலாம். பெரும்பாலும் அந்தக் கதைகள் தொடங்குவது, சேர்ந்த நிதியை யாரோ ஒருவர் அவசரத்துக்கு எடுத்த இடத்தில். இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் அதைத் தெரிந்தே இப்படி வைத்தார்கள்.

கதிரை, தறப்பாள், கிடாரம், பெற்றோமக்ஸ், பிறகு மின்குமிழ் வயர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. செத்தவீட்டுக்கு இலவசம். எட்டுச்செலவு, அந்தியேட்டி வரைக்கும் வைத்திருக்கலாம். கலியாணவீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்றால் வாடகை. அந்த வாடகை உடைந்த கதிரைக்கும் புதிய தறப்பாளுக்கும் போகிறது. இந்த ஒரு வரவு செலவுக்கு மட்டும் வங்கிக் கணக்கு உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை பங்குனியில், காலபோக நெல் அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கும் நாளில், கோயில் முன்றலில் கணக்கு வாசிப்பார்கள். அச்சடித்துக் கொடுப்பதில்லை. வாசிக்கிறார்கள். எழுத்தறியாத கிழவிக்கும் தான் கொடுத்த தேங்காய் கணக்கில் வந்ததா என்று காதால் கேட்க முடிகிறது. இடையில் மறித்துக் கேள்வி கேட்கவும் செய்கிறார்கள்.

உடல் உழைப்பும் பங்கீடு செய்யப்பட்டிருக்கிறது. விறகு தறிப்பவர், பாடை கட்டுபவர், பந்தல் போடுபவர், சமையல் பார்ப்பவர், தருமபுரத்துக்கோ கிளிநொச்சிக்கோ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரேதத்தைப் பொறுப்பெடுப்பவர். மரண விசாரணை அதிகாரியைப் பிடிப்பதும் பத்திரம் எடுப்பதும் துக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் பெரிய அலைச்சல். அதைச் சங்கத்தில் ஒருவர் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்பிக்க முடியாத வேலை அது.

யார் ஊராக்கள்?

இவ்வளவு நல்ல சங்கத்தில் வாய்க்கால் கரைக்கு இடம் இருக்கவில்லை.

யாப்பு என்று எழுதிய ஒன்று இல்லை என்றாலும், 'ஊரில் சொந்தக் காணி உள்ள குடும்பம்' என்ற நிபந்தனையைப் பழைய சங்கத்திலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். காணிப் பத்திரம் இல்லாதவர் நாளைக்கு எங்காவது போய்விடலாம், கொடுக்கல் வாங்கல் சரிவராது என்பது சொல்லப்பட்ட காரணம். சொல்லப்படாத காரணங்களும் இருந்தன. செத்தவீட்டில் யார் வீட்டில் யார் தேத்தண்ணி குடிப்பது என்பது வன்னியிலும் இலேசான கேள்வி அல்ல. அதை மூடி மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதே பத்திரக் கேள்விதான் வேறு இடங்களிலும் அவர்களைத் தள்ளி வைத்தது. வயல் இல்லாததால் கமக்காரர் அமைப்பில் குரல் இல்லை. 2012க்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வீதம் கொடுத்து, பயனாளிகளே கட்டிக்கொண்டபோதும் காணி உரித்துக் காட்ட முடியாதவர்களுக்கு இழுபறி. அரசாங்கத்தின் பட்டியலில் பின்னுக்கு நிற்பவர்கள் ஊரின் பட்டியலிலும் பின்னுக்கு நின்றார்கள். வாய்க்கால் கரையில் சாவு நடந்தால் கதிரை வாடகைக்குத்தான் போனது. அதாவது சாவு வீட்டுக்குக் கலியாண வீட்டு விலை.

நிலைமை அசைந்தது 2018 டிசம்பரில். அந்த மாதத்தின் மூன்றாம் வாரக் கடைசியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கொட்டிய மழையில் இரணைமடுவின் கதவுகள் எல்லாம் திறக்கப்பட்டன. கண்டாவளைப் பக்கம் பெரும் பகுதி நீரில். இந்த ஊரின் சின்னக் குளமும் வான் பாய்ந்தது. முதலில் தண்ணீர் ஏறியது வாய்க்கால் கரையில், பிறகு கோயிலடியிலும். எல்லோரும் பாடசாலையில் போய் இருந்தார்கள். நிவாரணம் வந்து சேரும்வரை சனத்துக்குச் சாப்பாடு வேண்டும். ஊரில் பெரிய கிடாரம் இருந்தது மரணச் சங்கத்திடம் மட்டும். நெஞ்சளவு தண்ணீரில் போய் அந்தக் கிடாரங்களையும் தறப்பாளையும் எடுத்துவந்தவர்கள் பெரும்பாலும் வாய்க்கால் கரைப் பொடியள். வாடகை கேட்கப்படவில்லை. சமைத்ததும் பரிமாறியதும் மூன்று குறிச்சிப் பெண்களும். யார் கையால் யார் சாப்பிட்டது என்று அந்த நாட்களில் யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் பட்டினிதான்.

வெள்ளம் வடிந்ததும் மனமும் மாறிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் நடந்தது அப்படி அல்ல. அடுத்த பங்குனிக் கூட்டத்தில் மாதர் சங்கத் தலைவி விடயத்தை எடுத்தபோது பெரியவர்கள் சிலர் எழுந்து போனார்கள். ஒருவர் பழைய நிபந்தனையை நினைவூட்டினார். வாய்க்கால் கரையிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா, அழைக்கப்படாமலே, ஓரத்தில் நின்றபடி சொன்னார்: "ஐயா, எங்க வீட்டுக்காரரை இந்தச் சுடலையிலதான் எரிச்சோம். நாங்க இனி எங்கங்க போகப் போறோம்?" கூட்டத்தை நடத்திய இளைஞனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இருங்கோ அம்மா, வந்து முன்னுக்கு இருங்கோ" என்று கதிரை போட்டுக் கொடுத்தான். அன்று முடிவு எடுக்கப்படவில்லை.

முடிவு வந்தது நடைமுறை வழியில். காணி என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, 'ஊரில் உலை வைக்கும் வீடு' என்று வைத்தார்கள். புதிதாகச் சேரும் வீடு, தன் வீட்டுச் சாவுக்கு முன் மற்ற வீடுகளின் சாவுகளுக்குப் பங்கு கொடுத்துப் பழகியிருக்க வேண்டும் என்று ஒரு காத்திருப்பு. போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு அது பதில். பெரியவர்களுக்கும் தலையாட்ட ஒரு வழி கிடைத்தது. குறிச்சிக்கு ஒரு சேகரிப்பாளர் என்ற முறையில் வாய்க்கால் கரைக்கும் ஒருவர் வந்தார். இன்று எல்லாக் குறிச்சிச் செத்தவீட்டுக்கும் எல்லாரும் போகிறார்கள். தேத்தண்ணி குடிக்காமல் வருகிற சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய தேங்காயும் அரிசியும் மட்டும் தவறாமல் போகிறது. உள்ளம் மாறும்வரை ஊர் காத்திருக்காமல், கடமையை முதலில் பொதுவாக்கியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2020, 2021இல் கொரோனாக் கட்டுப்பாடுகளால் செத்தவீடுகள் சுருங்கின. 2021இல் இரசாயன உரம் தடை செய்யப்பட்டு அந்தக் காலபோகம் விளைச்சல் படுத்த பிறகு, 2022இல் விலைகள் ஏறியபோது, காசுப் பங்கு கொடுக்க முடியாத வீடுகள் பெருகின. காசுக்குப் பதில் விறகோ ஓர் ஆளின் ஒரு நாள் வேலையோ கொடுக்கலாம் என்று உடனே மாற்றினார்கள். பதிவுள்ள சங்கமாக இருந்தால் யாப்புத் திருத்தத்துக்கே மாதங்கள் போயிருக்கும்.

மைதானம்

மரணச் சங்கம் மூத்தவர்களுடையது என்றால் பொடியளின் ஊர் மைதானத்தில் இருக்கிறது. பின்னேரம் வயல் வேலை முடிந்து கரப்பந்தாட்டம். வடக்கில் பழகிய 'ஓவர்' ஆட்டம்தான் இங்கேயும். விளக்குப் போட்டு இரவிலும் விளையாடுவார்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிக் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், வழுக்குமரம், சாக்கோட்டம், பெண்களுக்குக் கிளித்தட்டு. கழகத்தின் ஆண்டு முழுவதும் போகத்தின் கையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர், பொடியள் இரவில் பன்றிக் காவலுக்கும் யானைக் காவலுக்கும் போய்விடுவார்கள். மாசி கழிந்து சூடு அடித்து நெல் விற்ற பிறகே கழகம் கழகமாகும்.

வெளிநாட்டுக் காசு இங்கே வருகிறது, மரணச் சங்கத்துக்கு வராத அளவில். இறந்த தகப்பன் பெயரில், தம்பி பெயரில் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி. கிண்ணம், சீருடை, ஒலிபெருக்கி, பிரதம விருந்தினர். இதைக் கேலியாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத சாவுகள் நிறைந்த மண்ணில் ஒருவனுடைய பெயரை ஊர் நடுவே ஒலிபெருக்கியில் கேட்க விரும்பும் சகோதரனின் ஆசை நியாயமானது. சிக்கல் வேறிடத்தில். காசு அனுப்புகிறவர் ஓர் அணியைத் தன் அணியாக நினைக்கிறார். கழகம் ஒரு பருவத்தில் இரண்டாக உடைந்தது அப்படித்தான். ஒரு பகுதி மைதானத்தின் வலைக்கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. கமக்காரர் அமைப்பின் தலைவர் தலையிட்டு, போட்டிக்கு வரும் காசில் ஒரு பங்கு மைதானத்துக்கு, அதாவது புல் வெட்ட, விளக்கு மாற்ற, வடிகால் வெட்ட என்று எழுதிக் கொடுத்த பிறகே மறுபடி ஒரு கழகம் ஆனது. அதற்குப் பிறகு நடந்த சிரமதானத்தில் வெட்டிய வடிகால்தான் இன்று மைதானத்தைக் காப்பாற்றுகிறது.

பெண் பிள்ளைகளுக்கு மைதானம் எப்போது கிடைக்கும் என்பதும் ஒரு சண்டை. வலைப்பந்தாட்டம் பாடசாலையில் விளையாடுகிறவர்கள் பாடசாலையை விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு பின்னேரம் அவர்களுக்கு என்று எழுதி ஒட்டியிருக்கிறது. தாய்மார் வந்து வரம்பில் இருக்கிற நாட்களில் மட்டும் அது நடக்கிறது. ஐஸ் போதைப்பொருள் வன்னிக் கிராமங்களுக்குள் வந்துவிட்ட இந்தக் காலத்தில், இருட்டிய மைதானத்துக்குப் பிள்ளையை விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. இரவு விளக்கை ஆட்டம் முடிந்த உடனே அணைக்காமல் பிந்தி அணைக்க வேண்டும் என்று மாதர் சங்கம் கேட்டிருக்கிறது. மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்பதில் அது நிற்கிறது. நியாயமாகப் பார்த்தால் கழகம்தான் கட்ட வேண்டும்.

மண்டபத்தின் திறப்பு

பொதுநோக்கு மண்டபத்தின் திறப்பு (சாவி) நெடுநாள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்கள் கையில் இருந்தது. அவர்கள் வயலுக்குப் போனால் மண்டபம் பூட்டு. இப்போது திறப்பு மாதர் சங்கத்திடம். அது அவர்கள் கேட்டு வாங்கிய உரிமை. முன்பள்ளி காலையில் அங்கே நடப்பதால், யார் நாளும் பொழுதும் அங்கே இருக்கிறாரோ அவரிடம் திறப்பு என்று வாதாடினார்கள். பதில் சொல்ல ஆண்களுக்கு வழியில்லை.

மாதர் சங்கத்துக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. நுண்கடன் நிறுவனங்கள் கிராமம் கிராமமாக இறங்கியிருந்த ஆண்டுகளில், கடன் வசூலிப்பவர்கள் பெண்கள் கூடும் இடத்துக்கே வருவார்கள். ஒருவர் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் பொறுப்பு. அதனால் கூட்டத்துக்கு வருவதையே பெண்கள் நிறுத்தினார்கள். ஒரே வாங்கில் இருந்தவர்கள் ஒருவரைக் கண்டால் ஒருவர் ஒதுங்கிப் போகும் நிலை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. சங்கம் மறுபடி கூடத் தொடங்கியது சீட்டோடு. தெரிந்த முகங்களுக்குள் சின்னத் தொகைச் சீட்டு, குலுக்கல் இல்லை, தேவைப்பட்டவருக்கு முதலில். பிள்ளைக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்புக் காசு, பள்ளிச் சப்பாத்து, கிணற்று மோட்டருக்குச் சுருள் கட்டுதல் என்று அது போகிறது. கூட்ட நேரத்தையும் மாற்றினார்கள். அதிகாரிக்கு வசதியான காலை பத்து மணி போய், தோட்ட வேலை முடிந்து வரும் பின்னேரம் ஆனது. வாய்க்கால் கரைப் பெண்கள் அதன் பிறகே வரத் தொடங்கினார்கள். நேரத்தை மாற்றியதில் வந்த மாற்றம் எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் வரவில்லை.

சனசமூக நிலையம் பற்றி எழுத அதிகம் இல்லை. வாசிகசாலை மேசையில் முன்பு உதயனும் வீரகேசரியும் கிடக்கும். இப்போது பழைய தாள்கள் சில. செய்தி கைபேசியில் வந்துவிடுகிறது. பிரதேச சபைகள் 2023 மார்ச்சில் காலம் முடிந்து கலைந்து, 2025 மே மாதத் தேர்தல் வரைக்கும் உறுப்பினர் இல்லாமல் இருந்த காலத்தில், நிலையத்துக்கு எதைக் கேட்பதானாலும் சபையின் செயலாளரிடம் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. பேப்பர் வாசிக்கும் இடமாக இனி அது எழும்பாது. பிள்ளைகள் மாலையில் படிக்க மேசையும் வெளிச்சமும் உள்ள இடமாக மாற்றினால் எழும்பும். குடிசை வீடுகளில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் வாய்க்கால் கரையில்தான் அதிகம். மாதர் சங்கத்துக்கு அந்த எண்ணம் இருக்கிறது, ஆனால் நிலையத்தின் திறப்பு இன்னும் வேறு கையில்.

அடுத்த பங்குனிக்கு

மரணச் சங்கத்தின் முன் இப்போது ஒரு புதிய கேள்வி இருக்கிறது. 2022க்குப் பிறகு இளம் ஆட்கள் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போவது கூடிவிட்டது. விறகு தறிக்கவும் பாடை தூக்கவும் தோள் குறைகிறது. கனடாவிலும் பிரான்சிலும் உள்ள பிள்ளைகள் சிலர், ஊரில் தனியே இருக்கும் தாய் தகப்பனுக்காகப் பெரிய தொகை ஒன்றை ஒரேயடியாகக் கட்டி அங்கத்தவராகச் சேர விரும்புகிறார்கள். அந்தக் காசில் கூலிக்கு ஆள் பிடித்து வேலையைச் செய்விக்கலாம் என்பது அவர்கள் யோசனை. செயற்குழுவில் பாதிப் பேர் சம்மதம், பாதிப் பேர் மறுப்பு.

மறுப்பவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். தாய்க்கும் தகப்பனுக்கும் அங்கத்துவம் ஏற்கனவே உண்டு, அவர்கள் வீட்டில் உலை வைக்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் உரிய பங்கைப் பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பட்டும், மற்ற வீடுகள் கொடுக்கும் அதே அளவு. கதிரையும் தறப்பாளும் வாங்கித் தந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பெருந்தொகை ஒன்று பெட்டியில் வந்து தங்கினால், இந்தச் சங்கத்தை இத்தனை காலம் காப்பாற்றிய காசு தங்காத வழக்கம் போய்விடும். தூக்குவதற்குத் தோள் குறைவது மெய்யான பிரச்சினை. அதற்கு வாய்க்கால் கரைப் பொடியளைக் கூலிக்குப் பிடிப்பது என்று முடிவானால், 2019இல் திறந்த கதவைப் பின்பக்கத்தால் மூடிவிடுவதாகவே முடியும். சேகரிப்பாளராக அவர்களில் ஒருவர் இருப்பதுபோல் தலைவராகவோ பொருளாளராகவோ ஒருவர் வருவதற்கு இது ஏற்ற நேரம். பெயர் பிரேரிக்க இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள், வழிமொழிய ஒருவர் வேண்டும்.